கான்வென்ட்டின் மூடிய கதவு

பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் வரிசையில் நிற்கும் கான்வென்ட் ஒரு காலத்தில் எப்படி இருந்தது? மும்பையிலிருந்து ஓரிரவுப் பயணத்தில் விடை இருக்கிறது.

மாதுங்காவில் அடுக்குமாடி வீட்டிலிருக்கும் தமிழருக்கும் தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் இருக்கும் தமிழருக்கும் பொதுவான ஆசைகள் அதிகமில்லை. இருக்கிற ஒன்றிரண்டில் முக்கியமானது, மகளைக் கான்வென்ட்டில் சேர்ப்பது. விண்ணப்பப் படிவம் கொடுக்கும் நாளில் செம்பூரானாலும் வடாலாவானாலும் விடிவதற்கு முன்பே வரிசை தொடங்கிவிடும். யாருடைய சிபாரிசு எடுபடும், எந்தச் சிஸ்டர் கண்டிப்பானவர் என்பதெல்லாம் வரிசையிலேயே அலசப்படும். திருமண விளம்பரங்களில் பெண்ணின் நிறத்துக்கும் உயரத்துக்கும் அடுத்தபடியாக “கான்வென்ட்டில் படித்தவர்” என்று போட்டுக்கொண்ட காலமும் உண்டு.

தமிழில் கான்வென்ட் என்றால் பள்ளிக்கூடம். டை, ஷூ, ஆங்கிலம், ஒழுங்கு. அதை யாரும் இந்தியாவில் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கிறிஸ்தவத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தெருமுனை நர்சரிப் பள்ளிகூடப் பெயருக்குப் பின்னால் “கான்வென்ட்” என்று சேர்த்துக்கொள்வதுண்டு. ஆனால் அந்தச் சொல்லின் சொந்த வீட்டில் பள்ளிக்கூடம் கிடையாது. கான்வென்ட் என்பது துறவிகள் கூடி வாழும் மடம். பெண்களின் மடமென்றால், உள்ளே போனவர் உயிரோடு வெளியே வராத இடம்.

அப்படியொரு வீட்டை நேரில் பார்க்க விரும்பும் மும்பைக்காரர் ஐரோப்பாவுக்கு விமானம் ஏற வேண்டாம். இரவில் கிளம்பும் கொங்கண் கன்னியா எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை கர்மாலி. ரயிலின் பெயரே பொருத்தமாக அமைந்துவிட்டது. கர்மாலியில் இறங்கினால் பழைய கோவா பக்கத்தில்தான் இருக்கிறது. தலைநகரமான பணஜியிலிருந்து வருவதென்றால் சுமார் பத்து கிலோமீட்டர்.

பழைய கோவாவுக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளின் வழி ஏறக்குறைய நிச்சயிக்கப்பட்டது. புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் பாம் ஜீஸஸ் பேராலயம், எதிரே சே கதீட்ரல், வெளியே ஓர் இளநீர், பிறகு பஸ். மேற்கே மேடேறும் சாலையில் போகிறவர்கள் குறைவு. மேடேறியவர்களும் புனித அகஸ்டின் கோவிலின் ஒற்றைக் கோபுரத்தோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கோபுரத்துக்கு எதிர்ப்புறம், சாலையோரமாக நீண்டு நிற்கும் கனத்த சுவர்களுடைய மூன்று மாடிக் கட்டடம்தான் சாந்தா மோனிக்கா கன்னியர் மடம்.

கோட்டையா, சிறைச்சாலையா என்று முதல் பார்வையில் சொல்ல முடியாது. செம்புரைக்கல் சுவர்களுக்குச் சாலைப்பக்கம் பெரிய முட்டுத் தூண்கள் கொடுத்திருக்கிறார்கள். சன்னல்கள் தெருவைப் பார்ப்பதற்காக வைத்தவை அல்ல. நான்கு பக்கமும் கட்டடம், நடுவே திறந்த முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். செட்டிநாட்டு வீட்டு வளவையும் பாலக்காட்டு நாலுகட்டையும் பார்த்த கண்ணுக்கு அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஒரே வித்தியாசம்: செட்டிநாட்டு வீட்டில் முன்வாசலும் உண்டு, பின்வாசலும் உண்டு, திண்ணையும் உண்டு. இங்கே வெளி உலகம் என்பது முற்றத்துக்கு மேலே தெரியும் ஆகாயம் மட்டும்.

மடத்துக்கு 1606-ல் அடிக்கல் நாட்டியவர் கோவா பேராயர் அலெய்ஷோ டி மெனெஸஸ். கேரளத்துக் கிறிஸ்தவர்கள் இவரை எளிதில் மறக்க மாட்டார்கள். 1599-ல் உதயம்பேரூரில் ஆலோசனைச் சபை கூட்டி, சிரியன் கிறிஸ்தவர்களை ரோமின் வழிக்குக் கொண்டுவரப் பார்த்தவர் அவர்தான். மடம் முழுதாக எழுந்து முடிய 1627 ஆயிற்று. 1636-ல் நெருப்புப் பிடித்து எரிந்தது. அடுத்த ஆண்டே திருப்பிக் கட்டத் தொடங்கினார்கள். கீழை நாடுகளில் ஐரோப்பியர் நிறுவிய முதல் கன்னியர் மடமாகச் சொல்லப்படுவது இதுதான்.

முதலில் உள்ளே போனவர்களில் தலைமையானவர் ஒரு விதவை. பிலிப்பா ஃபெரைரா. மகளையும் கூட்டிக்கொண்டு போனார். துறவறப் பெயராக பிலிப்பா தா திரிந்தாதே என்று வைத்துக்கொண்டு, மடத்தின் முதல் தலைவியும் ஆனார். மடத்துக்குப் பெயர் கொடுத்த புனித மோனிக்காவும் ஒரு விதவைதான். வழி தவறிப் போன மகன் அகஸ்டினுக்காக ஆண்டுக்கணக்கில் அழுதவர் என்று கத்தோலிக்கத் தாய்மார்கள் அவரைக் கும்பிடுகிறார்கள்.

வீடு, மதில், நிலம் எல்லாம் இருந்தும் ஒரு விதவை ஏன் இந்தச் சுவருக்குள் போனார்? அன்றைய கோவாவில் போர்ச்சுகீசியப் பெண்ணுக்கு இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தால் புரியும். கல்யாணம் ஒன்று. கணவன் கடலுக்கும் சண்டைக்கும் போகிறவன். திரும்பி வருவான் என்பதற்கு உத்தரவாதமில்லை. அநாதைகளுக்கும் காத்திருக்கும் பெண்களுக்கும் செர்ரா மாதா பெயரில் ஒரு காப்பகம். “தவறிய” பெண்கள் என்று ஊர் முத்திரை குத்தியவர்களுக்கு மகதலேன் மரியாள் பெயரில் இன்னொரு காப்பகம். இந்த இரண்டையும் ஏற்படுத்தியவரும் அதே மெனெஸஸ்தான். இவற்றில் எதிலும் பெண் தன் பேரில் எதையும் தீர்மானிக்க முடியாது. மடத்தில் முடியும். தலைவியைக் கன்னியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். படித்தார்கள், எழுதினார்கள், பாடினார்கள். நிலவரவையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குக் கொடுத்த விலை கதவு. 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் போட்ட விதி, கன்னியர் மடம் என்றால் முழு அடைப்பு என்றது. பேச வந்தவர் கம்பி அழிக்கு அந்தப் பக்கம், கன்னி இந்தப் பக்கம். இத்தகைய மடங்களின் வாசலில் சுவருக்குள் பதித்த சுழலும் மரப்பெட்டி ஒன்று இருக்கும். அரிசியோ கடிதமோ கொண்டுவந்தவர் அதில் வைத்துச் சுழற்றுவார். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இறந்த பின்னும் புதைப்பது உள்ளேதான்.

இத்தனைக்கும் நகரத்தார் சந்தோஷப்பட்டார்களா என்றால் இல்லை. கோவா நகர மன்றத்து ஆண்கள் லிஸ்பனுக்குப் புகார் மேல் புகார் எழுதினார்கள். வசதியான வீட்டுப் பெண்களெல்லாம் மடத்துக்குப் போகிறார்கள், நம் படைவீரர்களைக் கட்டிக்கொள்ளப் பெண்ணில்லை. பெண்ணோடு சீதனமும் சொத்தும் மடத்துக்குள் போய்விடுகிறது என்பது புகாரின் சாரம். மடத்தில் சேரவும் சீதனம் வேண்டும் என்பது உண்மைதான். கன்னியர் எண்ணிக்கை நூறைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். பெண்ணைவிடப் பெண்ணோடு வரும் சொத்துக்காக அதிகம் கவலைப்படும் பேச்சு, பதினேழாம் நூற்றாண்டு கோவாவோடு முடிந்துவிடவில்லை என்பதை மாதுங்காவின் கல்யாண மண்டபங்களுக்குப் போய்வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சீதனம் இருந்தால் மட்டும் போதாது, தோலும் பார்க்கப்பட்டது. கறுப்பு முக்காடு போட்டு, பாடகர் மேடையில் நின்று ஜெபம் பாடும் முழு உரிமைக் கன்னியர்கள் போர்ச்சுகீசிய ரத்தத்தைச் சேர்ந்தவர்கள். இந்தியப் பெண்கள் பெரும்பாலும் உள்ளே போனது வேலை செய்ய. அடிமைகளாகப் போனவர்களும் உண்டு. ஐரோப்பிய விதவைக்கு விடுதலையாக இருந்த அதே சுவர், அவள் துணி துவைத்த கறுத்த பெண்ணுக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தத் தாழ்வாரத்தில் நடக்கும்போது யோசிக்க வேண்டும். வழிகாட்டிப் பலகைகள் அதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை.

வழிகாட்டிகள் பேசுவது இரண்டு விஷயங்கள். ஒன்று அழும் சிலுவை. 1636-ல் இங்கிருந்த சிலுவையில் இயேசுவின் உருவம் கண் திறந்ததாகவும், காயங்களில் ரத்தம் வழிந்ததாகவும் கன்னியர்கள் சொன்னார்கள். மடத்தை ஒட்டிய சிற்றாலயத்தில் அந்தச் சிலுவைக்கு இன்றும் வணக்கம் உண்டு. நவம்பர் இறுதியில் திருவிழா.

இரண்டாவது, பெபிங்கா. கோவாவின் பெருமைக்குரிய அடுக்கு இனிப்பு. தேங்காய்ப்பால், சர்க்கரை, மைதா, நெய், ஏராளமான முட்டைக்கரு. ஓர் அடுக்கை ஊற்றி, மேலிருந்து கனல் வைத்துச் சுட்டு, அதன் மேல் அடுத்த அடுக்கு. அவசரக்காரர்களுக்கு வராத பண்டம். இந்த மடத்துக் கன்னி பெபியானா, லிஸ்பன் நகரின் ஏழு குன்றுகளை நினைத்து ஏழு அடுக்காக முதலில் செய்தார் என்பது கோவா முழுக்கச் சொல்லப்படும் கதை. உடுப்புக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளையை எடுத்துவிட்டு, மிஞ்சிய கருவை இனிப்பில் போட்டார்கள் என்று கதைக்கு ஒரு வாலும் உண்டு. சரித்திர ஆதாரம் கேட்கக் கூடாது. வெளியே போக முடியாத ஒருத்தி, பார்க்க முடியாத ஊரை அடுக்கடுக்காகச் சுட்டு வைத்தாள் என்பதுதான் கதையை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறது.

இனி, சாலையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம். எதிரே இடிந்து கிடப்பது அகஸ்டினார் சபை ஆண் துறவிகளின் கோவிலும் மடமும். 1602-ல் கட்டியது. 46 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தில் பாதிதான் மிச்சம். ஈரானில் 1624-ல் கொல்லப்பட்ட ஜார்ஜியா நாட்டு ராணி கெட்டெவானின் எலும்பு இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டு, தொல்லியல் துறையினர் தோண்டியெடுத்து, மரபணுச் சோதனையில் உறுதியாகி, 2021-ல் ஜார்ஜியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆண்களின் மடம் இப்படி மண்ணாகிப் போக, எதிரே பெண்களின் மடம் மட்டும் எப்படி முழுதாக நிற்கிறது?

ஒரு சட்டம்தான் காரணம். 1834-ல் போர்ச்சுகல் அரசு துறவற சபைகளைக் கலைத்தது. ஆண்களின் மடங்கள் உடனே மூடப்பட்டன; சொத்து அரசுக்கு. அகஸ்டினார் மடத்துத் துறவிகள் 1835-ல் வெளியேறினார்கள். ஆளில்லாத கட்டடத்தில் 1842-ல் வளைகூரை விழுந்தது. 1931-ல் முகப்பும் பாதிக் கோபுரமும் விழுந்தன. பெண்களுக்கு அரசு வேறு கணக்குப் போட்டது. இருப்பவர்கள் இருக்கலாம். புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. கடைசிக் கன்னி இறந்ததும் மடம் அரசுக்கு.

அதாவது, வாசலை மூடிவிட்டு, எல்லோரும் சாகும்வரை காத்திருப்பது.

அந்தக் காத்திருப்பு ஐம்பது ஆண்டு நீண்டது. நகரமோ அதற்கு முன்பே அழியத் தொடங்கியிருந்தது. தொற்றுநோய்க்கு அஞ்சி மக்கள் வெளியேறினார்கள். வைஸ்ராய் 1759-லேயே பனேலிமுக்குப் போய்விட்டார். 1843-ல் தலைநகரம் சட்டப்படி பணஜிக்கு மாறியது. ஒரு காலத்தில் லிஸ்பனோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட ஊரில் தென்னை முளைத்தது; வீட்டுக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். உள்ளே கன்னியர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தார்கள். நூறு பேருக்காகக் கட்டிய உணவுக் கூடத்தில் பத்துப் பேர், பிறகு ஐந்து பேர், பிறகு இரண்டு பேர் என்று சாப்பிட்ட நாட்கள் இருந்திருக்கத்தான் வேண்டும். கடைசிக் கன்னி இறந்தது 1885-ல். அதுவரை ஆள் இருந்ததால் விளக்கு எரிந்தது. ஆள் இருந்ததால் கூரையும் நின்றது.

இதே ஐம்பது ஆண்டில்தான் தமிழ்நாட்டில் கான்வென்ட் என்ற சொல்லுக்கு வேறு பொருள் பிறந்தது. 1842-ல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியர்கள் சென்னைக்கு வந்து பள்ளி தொடங்கினார்கள். பின்னாளில் ஜெயலலிதா படித்த சர்ச் பார்க் கான்வென்ட் இந்தச் சபையுடையதுதான். 1844-ல் புதுச்சேரியில், தமிழ்–பிரெஞ்சு அகராதி தயாரித்த இருவரில் ஒருவரான துப்புயி அடிகள், தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு சபையைத் தொடங்கினார். நோக்கம், பெண்குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது. நல்ல குடும்பத்துப் பெண் படிக்கக் கூடாது என்று ஊர் நினைத்த காலம் அது. 1858-ல் திருச்சியில் அன்னம்மாள் என்ற இளம் விதவை, தன்னைப்போன்ற விதவைகளைச் சேர்த்துக்கொண்டு புனித அன்னாள் சபையை உருவாக்கினார்.

பிலிப்பாவும் விதவை, அன்னம்மாளும் விதவை. நடுவே இரண்டரை நூற்றாண்டு. முன்னவர் தன் உரிமையைத் தேடிக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார். பின்னவர் அதே உரிமையைத் தேடிக் கதவைத் தெருப்பக்கம் திறந்து வைத்தார். சாந்தா மோனிக்காவில் வேலைக்காரியாக மட்டும் நுழைய முடிந்த தோல்நிறம், புதுச்சேரியிலும் திருச்சியிலும் மடத்தை நடத்துகிற இடத்துக்கு வந்துவிட்டது.

மடம் பள்ளியாக மாறுவது தமிழுக்குப் புதிதும் அல்ல. “பள்ளி” என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பழந்தமிழில் அது சமணத் துறவிகள் தங்கும் இடம். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் கல்படுக்கை வெட்டி அவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களிடம் எழுத்துக் கற்கப் போன பிள்ளைகளால்தான் பள்ளிக்கூடம் என்ற பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. துறவி போய்விட்டார், பாடம் நின்றது. கான்வென்ட்டும் அதே வழியில் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்றைய சாந்தா மோனிக்காவுக்குத் திரும்பலாம். கடைசிக் கன்னிக்குப் பிறகு கட்டடம் சில காலம் ராணுவத்தின் கையில் இருந்தது. இப்போது மடத்துக் கோவில் பகுதியில் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் இயங்குகிறது. 1994-ல் ராச்சோல் குருமடத்தில் தொடங்கி, 2002-ல் இங்கு வந்து, பெரிய செப்பனிடலுக்குப் பின் 2022-ல் மீண்டும் திறக்கப்பட்டது. டிக்கெட் எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். தந்தத்தில் செதுக்கிய குழந்தை இயேசுவின் முகத்தில் இந்தியச் சிற்பியின் கை தெரிகிறது. தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழைக்கடாப் பறவையாகச் செய்த வெள்ளிக் கதிர்ப்பாத்திரத்தின் முன்னால் நின்று பார்க்க ஐந்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும். தலையை நிமிர்த்திச் சுவர் ஓவியங்களையும் பார்க்க வேண்டும். தோளும் முழங்காலும் மறையும் உடை, தாழ்ந்த குரல்: இவ்வளவே எதிர்பார்க்கிறார்கள். மழைக்காலத்தில் போனால் கூட்டம் குறைவு. செம்புரைக்கல்லின் நிறமும் நன்றாக எடுக்கும்.

அருங்காட்சியகத்தைப் பார்த்து முடித்ததும் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். மடத்தில் 1964 முதல் மாட்டர் தேய் என்ற நிறுவனம் இருக்கிறது. பல சபைகளைச் சேர்ந்த கன்னியர்கள் இறையியல் படிக்க வருகிறார்கள். இங்கே படித்துவிட்டு ஏதோ ஓர் ஊரில் பள்ளி நடத்தவோ, மருந்தகம் நடத்தவோ போகிறவர்கள். எதிர்ப்புற மதிலோரம் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். வகுப்பு முடிந்த கன்னியர்கள் கையில் குடையும் நோட்டுமாக அந்த வாசலைத் தாண்டிச் சாலைக்கு வருவார்கள். வாசலில் அவர்களை யாரும் தடுப்பதில்லை.